ஜோசஃபின் கழுவிய திராட்சை

தொம்மலூரில் பெல் துரைசானியின் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்த பதினோரு பேரில் ஜோசஃபினுக்கு மட்டும் ஒரு வியாதி இருந்தது. எதைக் கண்டாலும் கழுவுவாள். சட்டி பானையை யாரும்தான் கழுவுகிறார்கள். இவள் விறகைக் கழுவிக் காயவைத்து அடுப்பில் வைப்பாள். சந்தையிலிருந்து வரும் உப்பை மட்டும்தான் கழுவாமல் விட்டிருந்தாள், அதுவும் கரைந்துவிடுமே என்பதற்காக. புருஷன் டொமினிக் வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே நிற்க வேண்டும். ஒரு குடம் தண்ணீர் தலையில் இறங்கிய பிறகுதான் உள்ளே அனுமதி. டொமினிக் தோட்டத்துக்கு மருந்து அடிப்பவர். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து, பித்தளைப் பீச்சாங்குழலால் கொடிகளுக்கு அடித்துவிட்டு, நீலமும் வெள்ளையுமாகத் திரும்பி வருகிற மனிதரை எந்தப் பெண்டாட்டிதான் உள்ளே விடுவாள் என்று கேட்டால், அதுவும் நியாயம்தான்.

பெல் துரைசானி கன்டோன்மென்டில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபது வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். கப்பலேறிச் சீமைக்குப் போகாமல் தொம்மலூரில் மூன்று ஏக்கர் வாங்கி, நீலத் திராட்சை போட்டுப் பந்தல் கட்டினார். முன்ஷி ஒருவரிடம் தமிழ் கற்றவர் என்பதால் அவர் பேசுவது பாடப் புத்தகம் பேசுவது போல இருக்கும். நல்ல பழம் கடைகளுக்குப் போகும். மிஞ்சியதில் நாலு பீப்பாய் ஒயின் போடுவார். அவர் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் அதை முகம் சுளிக்காமல் குடிக்கப் பழகியிருந்தார்கள்.

சீமையில் கொடியை வருஷத்துக்கு ஒருதரம், பனிக்காலத்தில் வெட்டுவார்களாம். பெங்களூர்க் கொடிக்குத் தூக்கம் கிடையாது. சித்திரையில் ஒரு வெட்டு, ஐப்பசியில் ஒரு வெட்டு. வெட்டினால் துளிர்க்கும், துளிர்த்தால் பூக்கும், பூத்தால் மழை வந்து கெடுக்கும், மழை கெடுக்காததைக் கிளி கெடுக்கும், இரண்டையும் தாண்டி வந்தது பழம். இதுதான் அந்தத் தோட்டத்தின் காலண்டர்.

வெட்டுக் காலம் வந்தால் கொட்டகைச் சுவரில் ஆணியில் தொங்கும் ஆறு கத்திரிகளும் கீழே இறங்கும். ஆறும் ஆண்கள் கைக்குத்தான் போகும். பெண்கள் வெட்டி விழுந்த குச்சிகளைப் பொறுக்க வேண்டும், துளிரைப் பந்தலில் கட்ட வேண்டும், பழம் பறிக்க வேண்டும், சுமக்க வேண்டும். ஜோசஃபின் ஒன்பது வருஷமாகக் குச்சி பொறுக்கினாள். பொறுக்கும்போது ஒவ்வொரு வெட்டையும், அதற்குக் கீழே துளிர் கிளம்பும் கண்ணையும் உற்றுப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "இந்தக் கண்ணுக்கு மேல ரெண்டு விரக்கடை விட்டிருக்கணும்" என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். தனக்குள் என்று அவள்தான் நினைத்தாள். பத்தடி தள்ளி இருந்த மேஸ்திரி சில்வெஸ்டருக்கு அது நன்றாகவே கேட்டது.

"பொம்பள கையில கத்திரி குடுக்கமாட்டேன்" என்பது சில்வெஸ்டரின் தீர்ப்பு. "கொடி வேலைன்னா தொட வேண்டியதை மட்டும் தொடணும். இவங்க கை சும்மா இருக்காது. தடவும், துடைக்கும், தட்டும். அதுலயும் ஜோசஃபின் கை இருக்கே, அது வேற."

ஜோசஃபினுக்கு அந்தக் கத்திரி வேண்டும். வேறு எதையும் அவள் அப்படி ஆசைப்பட்டதில்லை. கல்யாணப் புடவைகூட அம்மா எடுத்ததைத்தான் கட்டிக்கொண்டாள். ஆனால் அந்தக் கத்திரியின் வில் விரிந்து சுருங்கி 'நறுக்' என்று சொல்லும்போதெல்லாம் அவள் விரல்கள் முந்தானைக்குள் தாமாக மடங்கின.

அவள் குடியிருந்த வீட்டுப் பின்புறம், சமையற்கட்டுத் தண்ணீர் வெளியேறும் இடத்தில், யாரோ எறிந்த குச்சியிலிருந்து ஒரு கொடி கிளம்பியிருந்தது. இவள் கழுவுகிற கழுவலுக்கு அந்தக் கொடிக்குத் தண்ணீர்ப் பஞ்சமே இல்லை. மீன் கழுவிய நீர், அரிசி களைந்த நீர், பாத்திரம் தேய்த்த சாம்பல் எல்லாம் அதற்குத்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் சித்திரையில், எல்லோரும் தோட்டத்தில் கொடி வெட்டிக்கொண்டிருந்தபோது, ஜோசஃபின் மீன் அரியும் கத்தியை எடுத்துக்கொண்டு தன் கொடியை வெட்டினாள். வெட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தால் கொடியே இல்லை. வெறும் கட்டை நின்றது.

அங்கேயே முழங்கால் போட்டு, பிளாக்பள்ளி கோயில் மாதாவுக்குப் பொருத்தனை வைத்தாள். கட்டை துளிர்த்தால், இருக்கிறதிலேயே நல்ல குலையை மாதா திருநாளுக்குக் கொண்டுவந்து வைப்பதாக.

கட்டை பதின்மூன்றாம் நாள் துளிர்த்தது. அதன்பிறகு அது நிற்கவே இல்லை. பிஞ்சு கடுகளவு இருக்கும்போதே ஜோசஃபின் மாதாவுக்கான குலையைக் குறித்துவிட்டாள். மூங்கில் சிம்பில் வளையம் செய்து, பழைய வெள்ளைத் துணியைப் பை போலச் சுற்றி, தொட்டிலுக்குக் கொசுவலை போட்டது போலக் குலையைச் சுற்றி அகலமாகக் கட்டினாள். கிளி கொத்தக் கூடாது, துணியும் உரசக் கூடாது. பேச்சுத்துணைக்கு அந்தப் பக்கம் வரும் பெண்களிடம், "அது மாதாவோடது, கிட்டப் போகாதீங்க" என்று சொல்லிவைத்தாள்.

ஆடி மழையில் அந்த வருஷம் தோட்டத்துக்குப் பூசணம் வந்தது. டொமினிக் பீச்சாங்குழலைக் கீழே வைக்கவே நேரமில்லாமல் அடித்தும் பாதிக் குலைகள் வெடித்து அழுகின. ஆவணியில் கன்டோன்மென்ட் தோட்டக்காரர்கள் நடத்தும் பழக் கண்காட்சிக்கு ஒவ்வொரு வருஷமும் மூன்று குலை அனுப்புவது துரைசானியின் வழக்கம். அந்த வருஷம் அனுப்ப ஒரு குலை தேறவில்லை. சோர்ந்துபோய்ச் சுற்றிக்கொண்டிருந்தவர் ஜோசஃபினின் கொல்லைப் பக்கம் வந்து, தலை நிமிர்ந்து, அப்படியே நின்றார்.

"இதை வெட்டியது யார்?"

"நான்தாங்கம்மா."

"எதனால் வெட்டினாய்?"

ஜோசஃபின் மீன் கத்தியைக் காட்டினாள். துரைசானி அதைக் கையில் வாங்கி, முகர்ந்து பார்த்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். பிறகு சில்வெஸ்டரைக் கூப்பிட்டனுப்பி, அவர் எதிரிலேயே சொன்னார்: "இக்கொடியின் மூன்று குலைகள் கண்காட்சிக்குச் செல்லும். பரிசு கிடைத்தால் ஐப்பசியில் ஜோசஃபின் கையில் கத்திரி. மேற்கு வரிசையில் இருபது கொடிகள் அவள் பொறுப்பு. கிடைக்காவிட்டால் மேஸ்திரியின் சொல்லே சொல்."

சில்வெஸ்டர் தலையாட்டினார். நியாயத்துக்குத் தலையாட்டுகிற மனிதர்தான், ஆனால் சந்தோஷமாக ஆட்டவில்லை.

கண்காட்சி நாள் விடிந்தது. துரைசானி சொன்னபடி பனி விலகுவதற்குள் ஜோசஃபின் மூன்று குலைகளை வெட்டினாள். கருநீலமாக, ஒன்றுக்கொன்று சளைக்காமல் இருந்தன. ஆனால் மேலே சாம்பல் பூத்தாற்போல வெள்ளையாக ஒரு படலம். அதைப் பார்த்ததும் அவளுக்கு டொமினிக் பதினைந்து வருஷமாகத் தெருப் பிள்ளைகளிடம் சொல்லிவந்தது நினைவுக்கு வந்தது: "வெள்ளையா இருக்கே, அது மருந்து. கழுவாம வாயில வெச்சா வாந்திதான்."

கண்காட்சியில் வெள்ளைக்கார ஜட்ஜ் பழத்தைத் தின்று பார்ப்பார் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். தோட்டத்தில் அடித்தது காற்றில் பறந்து இங்கேயும் படிந்திருக்கிறது; தின்று பார்க்கிறவருக்கு மருந்தோடா கொடுப்பது? நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் துரைசானி பேர் என்ன ஆவது? டொமினிக் அப்போது கிணற்றடியில் இருந்தார். கேட்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. சோறு வடிக்க யாரும் அனுமதி கேட்பதில்லை அல்லவா.

மூன்று தண்ணீர் விட்டு அலசினாள். பழைய மல் வேட்டியைக் கிழித்து, ஒவ்வொரு பழமாகத் துடைத்தாள். காம்புக்கு உள்ளே, பழத்துக்கும் பழத்துக்கும் நடுவே, விரல் நுழையாத இடத்தில் துணியைத் திரி போல முறுக்கி நுழைத்துத் துடைத்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. முடிந்தபோது மூன்று குலையும் கருகமணி போல மினுமினுத்தன. ஒரு பழத்தில் அவள் முகம்கூடத் தெரிந்தது. அந்த முகம் மிகவும் திருப்தியாக இருந்தது.

கூடையைத் திறந்து பார்த்த துரைசானி பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"ஜோசஃபின், நீ என்ன செய்தாய்?"

"மருந்தெல்லாம் சுத்தமா எடுத்துட்டேங்கம்மா. ஜட்ஜு தொரை தைரியமா சாப்பிடலாம்."

"அது மருந்தன்று." துரைசானி மெதுவாகத்தான் சொன்னார். "அது பழம் தானாகப் பூசிக்கொள்வது. கைபடாத பழம் என்பதற்கு அதுவே சாட்சி. அவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான். எனக்கு அது சிறுவயது முதலே தெரியும். உனக்குத் தெரியாதிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை."

டொமினிக் ஈரத் தலையோடு ஓடிவந்தார். "மருந்து நீலமா திட்டுத் திட்டா நிக்கும், ஜோசஃபின். இது வேற. பசங்க கழுவித் தின்னட்டும்னுதான் எல்லாத்தையும் சேத்து மருந்துன்னு சொல்லிவெச்சேன்."

"பதினஞ்சு வருஷமா எங்கிட்டயும் அதைத்தானே சொன்னீங்க" என்றாள் ஜோசஃபின். டொமினிக் தலையைத் துவட்டத் தொடங்கினார்.

சில்வெஸ்டர் சிரிக்கவில்லை. அவர் கொல்லைப் பக்கம் போய்ப் பந்தலை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார். "மத்த கொலையெல்லாம் சின்னது. பையில ஒண்ணு இருக்குது. நான் தொறந்து பாத்தேன். அந்த மாதிரி வெள்ளைப் பொடியோட நான் கொலையே பாத்ததில்ல. நடுவுல அதை வெச்சு ரெண்டு பக்கம் சின்னதை வெச்சா, பரிசு நமக்குத்தான்."

எல்லோரும் ஜோசஃபினைப் பார்த்தார்கள்.

"அது மாதாவோடது" என்றாள்.

"திருநாளுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது" என்றார் துரைசானி. "அதற்குள் மற்றொன்று நன்கு பழுக்கும். மாதா கோபிப்பாரா?"

"உங்க ஊர்ல எப்படியோ தெரியாதுங்கம்மா. நல்லதுன்னு சொல்லி ஒண்ணைக் காட்டிட்டு, வேற ஒண்ணைக் குடுத்தா அதுக்குப் பேர் வேற." கத்திரி போய்விட்டது என்று அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்தது. இருந்தும் வார்த்தை மாறவில்லை. "எனக்குக் கத்திரி வேணும். ஆனா அதை எடுத்துக் குடுத்து வேணாம்."

துரைசானி பளபளக்கும் குலைகளையே கூடையில் எடுத்துவைத்துக்கொண்டு வண்டியேறினார்.

பரிசு கிடைக்கவில்லை. ஜட்ஜ் தட்டின் முன்னால் வெகுநேரம் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இதை இஸ்திரி போட்டது யார்?" என்று கேட்டாராம். பிறகு ஒன்றைத் தின்றார். இன்னொன்றைத் தின்றார். அடுத்த தட்டுக்குப் போனவர் திரும்பி வந்து மறுபடி ஒன்றைத் தின்றார். ஆனால் பரிசு அட்டையை அடுத்த தட்டில்தான் வைத்தார். இதையெல்லாம் துரைசானி வந்து ஒன்றுவிடாமல் சொன்னார். ஜோசஃபின் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அந்தப் பொடி ஒருதரம் போனா திரும்ப வராதுங்களா?"

"வராது."

"செரிங்கம்மா" என்று சொல்லி, பாத்திரம் தேய்க்கப் போனாள். அன்றைக்கு அவள் தேய்த்த தேய்ப்பில் ஒரு வெண்கலச் செம்பு ஓட்டையானது.

அடுத்த பத்து நாளும் ஜோசஃபின் தினம் காலையில் பையின் வாயைத் திறந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உள்ளே பார்ப்பாள். பார்க்கப் பார்க்கத்தான் அது அவளுக்கு விளங்கியது. அழுக்கு இல்லை அது. பழம் புதுத்துணி கட்டியிருந்தது. இத்தனை நாளும் அதை உருவி எறிந்திருக்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மாதா திருநாளன்று காலை குலையை வெட்டினாள். பழத்தைத் தொடவில்லை. காம்பை மட்டும் பிடித்தாள். கூடையின் மேல் மூங்கிலை வில்லாக வளைத்துக் கட்டி, அதன் உச்சியில் குலையைத் தொங்கவிட்டாள். சுற்றிலும் நாலு விரல் இடைவெளி. எதுவும் அதில் படாது. தொம்மலூரிலிருந்து பிளாக்பள்ளிக்கு நாலு மைல். அதை நடந்தே கொண்டுபோவது என்று முடிவு செய்தாள், வண்டி குலுக்கும் என்பதால்.

சில்வெஸ்டரும் திருநாளுக்குக் கிளம்பினார். பத்தடி பின்னால்தான் வந்தார். "அல்சூர் தாண்டறதுக்குள்ள தொடைச்சிடுவா, பாரு" என்று தன் பெண்டாட்டி பிரிஜெட்டிடம் சொன்னார். அதுவும் ஜோசஃபினுக்குக் கேட்டது.

அல்சூர் ஏரிக்கரை வருவதற்குள் தூறல் பிடித்தது. டொமினிக் குடையை விரித்துப் பெண்டாட்டி தலைக்குப் பிடித்தார். "எனக்கு எதுக்கு, அதுக்குப் புடிங்க" என்றாள். குடைக்குள் குலை போயிற்று, குடைக்கு வெளியே இரண்டு பேரும் சொட்டச் சொட்ட நடந்தார்கள். மாட்டுவண்டி ஒன்று சேற்றை வாரி அடித்தது. ஜோசஃபின் திரும்பி முதுகைக் கொடுத்தாள். பதினைந்து வருஷத்தில் முதல்முறையாக அவள் புடவையில் சேறு பட்டு, அதை அவள் கழுவாமல் நடந்தாள். டொமினிக் அதைப் பார்த்துப் பயந்தேபோனார்.

பிளாக்பள்ளிக்கு அருகே கூட்டம். வேண்டுதலுக்குக் காவிப்புடவை கட்டிய பெண்கள், மெழுகுவர்த்தி விற்பவர்கள், மேளம், குழந்தைகளைத் தோளில் தூக்கியவர்கள். காணிக்கை போகிறது என்று தெரிந்ததும் தொட்டுக் கும்பிட நாலு பக்கத்திலிருந்தும் கைகள் நீண்டன. "தொடாதீங்கம்மா, அந்தப் பக்கம் போங்கம்மா, கொழந்த கையப் புடிங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே ஜோசஃபின் கூடையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி நகர்ந்தாள். கோயில் வாசலிலிருந்து பீடத்துக்குப் போய்ச் சேர அரை மணி நேரம் ஆயிற்று. கை இரண்டும் மரத்துவிட்டன. ஆனாலும் கீழே இறக்கவில்லை.

பீடத்தருகே கோயில்பிள்ளை ஆம்ப்ரோஸ் ஈரத்துணியோடு நின்றிருந்தார். காணிக்கையாக வரும் மாம்பழம், வாழைத்தார், பூசணிக்காய் எல்லாவற்றையும் ஒரு துடை துடைத்து அடுக்குவது அவர் வேலை. ஜோசஃபினின் கூடையைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா, இவ்ளோ தூசியோடவா மாதாவுக்குக் கொண்டாறது? குடு இப்படி."

துணி குலைக்கு அருகே வந்தது. ஜோசஃபின் அந்தத் துணியின் குறுக்கே தன் கையை நீட்டினாள்.

"அண்ணே, அது தூசி இல்ல. அது அதோட துணி. காம்பைப் புடிச்சு அப்படியே மாட்டுங்க. கை படாம."

ஆம்ப்ரோஸ் அவளை மேலும் கீழும் பார்த்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, முதுகெல்லாம் சேறாக நின்ற பெண்ணொருத்தி சுத்தத்தைப் பற்றிப் பேசுவது அவருக்கு விளங்கவில்லை. ஆனால் அவள் நின்ற நிலையைப் பார்த்து, காம்பைப் பிடித்துக் குலையை மாட்டினார்.

அப்போது பின்னாலிருந்து சில்வெஸ்டர் வந்தார். முதலில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு குலையை இந்தப் பக்கம், அந்தப் பக்கம், குனிந்து அடிப்பக்கம் என்று பார்த்தார். ஒரு விரல் தடம் இல்லை, ஓர் உரசல் இல்லை. வெட்டியபோது இருந்தபடியே இருந்தது. அவர் கண்காட்சிக்கு வண்டியில் கொண்டுபோகிற குலைகளில் எப்போதும் இரண்டு மூன்று இடம் பொடி உதிர்ந்து கறுத்துப் போயிருக்கும் என்பது அவருக்கும் தெரியும், ஜோசஃபினுக்கும் தெரியும்.

"நாலு மைலு" என்றார் சில்வெஸ்டர், தன் பெண்டாட்டியிடமா மாதாவிடமா என்று தெரியாமல். வெளியே போய் ஒரு மெழுகுவர்த்தி வாங்கிவந்து ஏற்றினார்.

ஐப்பசி பிறந்தது. ஒருநாள் காலை மழை விட்டு வானம் வெளுத்தது. கொட்டகையில் கத்திரிகள் இறங்கின. ஜோசஃபின் வழக்கம்போலக் குச்சி பொறுக்கும் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையில் போய் நின்றாள். துரைசானி தொலைவில் பீப்பாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரியின் சொல்லே சொல் என்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்காகத்தான் அவ்வளவு தொலைவில் நின்றார். ஆனால் முகம் மட்டும் இந்தப் பக்கமாகவே இருந்தது.

சில்வெஸ்டர் ஐந்து கத்திரிகளை ஐந்து ஆண்களிடம் கொடுத்தார். ஆறாவது அவருடையது. பதினான்கு வருஷமாக அவர் கையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நேராக ஜோசஃபின் முன்னால் வந்தார்.

"மேற்கு வரிசை. இருபது கொடி. கண்ணுக்கு மேல எவ்ளோ விடணும்?"

"ரெண்டு விரக்கடை, மேஸ்திரி."

"அதான் ஒம்பது வருஷமாச் சொல்லிட்டே இருந்தியே, கேட்டுது" என்று சொல்லி, கத்திரியை அவள் கையில் வைத்தார்.

ஜோசஃபினுக்குக் கண் நிறைந்துவிட்டது. கத்திரியை விரித்தாள். லேசில் விரியவில்லை. பதினான்கு வருஷத்துக் கொடிச் சாறும் மண்ணும் அதன் வில்லில் கெட்டியாக ஒட்டியிருந்தன. கைப்பிடியில் சில்வெஸ்டரின் வெற்றிலைக் கறை. வாய் ஓரத்தில் துரு. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்த மாற்றத்தை டொமினிக்தான் முதலில் கண்டுகொண்டார்.

"மேஸ்திரி," என்றாள் ஜோசஃபின், "இதுக்கு மேல இருக்கறதும் தானா பூத்ததுங்களா?"

"இல்ல" என்றார் சில்வெஸ்டர். "அது வெறும் அழுக்குதான்."

ஜோசஃபின் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கைப்பிடி சாம்பலும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தாள். மேற்கு வரிசையின் இருபது கொடிகளும் அன்று காலை ஒரு மணி நேரம் காத்திருந்தன.